‘லிமிட் ஏத்தித் தர்றோம் சார்!’ - நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வரும் போன்... கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு!

2020 ஜூலை. ஊரடங்கில் முடங்கிக் கிடந்த தமிழ்நாடு, பண்ருட்டியிலிருந்து வந்த ஒரு செய்தியைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தது. நெய்வேலிக்குப் பக்கத்து ஊரான அங்கே, 19 வயது இளைஞர் ஒருவர் பாரத ஸ்டேட் வங்கியின் கிளை ஒன்றையே சொந்தமாகத் திறந்து வைத்திருந்தார். பெயர், ‘வடக்கு பஜார் கிளை’. கம்ப்யூட்டர், சலான், ரப்பர் ஸ்டாம்ப் என எல்லாம் தயார். பெற்றோர் வங்கியில் வேலை பார்த்தவர்கள். அதனால் ஒரு வங்கிக் கிளை எப்படி இருக்கும், அங்கே எப்படிப் பேசுவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அந்தக் கிளை எப்படி மாட்டியது தெரியுமா? வாடிக்கையாளர் ஒருவர், ஊரில் ஏற்கெனவே இருந்த உண்மையான கிளைக்குப் போய் புதிய கிளையைப் பற்றி விசாரித்தார். மேனேஜருக்குத் தலைசுற்றியது. போலீஸ் வந்தது. அந்த இளைஞர், சலான் அச்சடித்துக் கொடுத்தவர், ஸ்டாம்ப் செய்து கொடுத்தவர் என மூன்று பேர் கைதானார்கள். நல்லவேளையாக, பணத்தை இழந்ததாக யாரும் புகார் தரவில்லை.

இன்று கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்களைக் குறிவைக்கும் மோசடி ஏறக்குறைய இதே கதைதான். ஒரு போலி வங்கிக் கிளை. ஆனால் அது பஜாரில் இல்லை, உங்கள் போனுக்குள் இருக்கிறது. அதுவும் பண்ருட்டி கிளையைப் போலவே, உண்மையான வங்கியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் காலியாகிவிடும். அந்த ஒரு வார்த்தையைக் கேட்கவிடாமல் உங்களைப் பேச்சிலேயே பிடித்து வைத்திருப்பதுதான் மோசடிக்காரரின் மொத்தத் திறமையும்.

அட்டையை விட்டுவிட்டு ஆளைப் பிடிக்கிறார்கள்

முன்பெல்லாம் திருட வேண்டியது அட்டையைத்தான். அட்டையின் பின்னால் இருக்கும் கறுப்புப் பட்டையில் உள்ள தகவலை ‘ஸ்கிம்மர்’ என்ற சின்னக் கருவியால் நகல் எடுத்து, வேறொரு வெற்று அட்டையில் ஏற்றிவிடுவார்கள். 2018-ல் புதுச்சேரியைக் கலக்கிய போலி ஏ.டி.எம் கார்டு வழக்கு இந்த ரகம்தான். அதே ஆண்டு டிசம்பர் 31-க்குள் பழைய பட்டை அட்டைகளை எல்லாம் சிப் அட்டைகளாக மாற்றிவிட வேண்டும் என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கெடு வைத்திருந்தது. சிப்பை நகல் எடுப்பது சுலபமில்லை.

2022 அக்டோபர் 1 முதல் இன்னொரு கதவும் மூடியது. ஆன்லைன் கடைகள் நம் கார்டு எண்ணைத் தங்களிடம் சேமித்து வைக்கக் கூடாது, அதற்குப் பதில் ‘டோக்கன்’ என்ற மாற்று எண்ணைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. நாளைக்கே அந்தக் கடையின் கம்ப்யூட்டரை யாராவது உடைத்தாலும் உங்கள் நிஜ எண் சிக்காது.

இப்படிப் பூட்டு பலமாக பலமாக, திருடர்களுக்கு ஒரே ஒரு வழிதான் மிச்சம். சாவியை வைத்திருப்பவரிடமே பேசி வாங்கிக்கொள்வது.

ஏன் நெய்வேலி?

நெய்வேலி நகரியத்தை மோசடிக்காரரின் கண்ணால் ஒருமுறை பாருங்கள். பொதுத்துறை நிறுவனத்தில் நிரந்தர வேலை, மாதம் தவறாத சம்பளம். இப்படிப்பட்டவர்களுக்குக் கார்டு தர வங்கிகள் போட்டி போடும். 60 வயதில் ஓய்வுபெறும்போது பி.எஃப், கிராஜுவிட்டி என மொத்தமாக ஒரு தொகை கைக்கு வரும். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். வீட்டில் இரண்டு பெரியவர்கள், ஆளுக்கொரு ஸ்மார்ட்போன்.

வேலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். ஷிப்ட். நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தவருக்குக் காலை 11 மணிக்குப் போன் வந்தால், அரைத்தூக்கத்தில்தான் பேசுவார். சுரங்கத்தில் வேலையில் இருப்பவரால் ‘ரூ.48,000 செலவிடப்பட்டது’ என்று வரும் எஸ்.எம்.எஸ்ஸை உடனே பார்க்கவும் முடியாது. இந்த ஊரை யாரோ தனியாகக் குறிவைக்கிறார்கள் என்று சொல்லவரவில்லை. வலை எல்லா ஊருக்கும்தான் வீசப்படுகிறது. சிக்குவதற்கான சூழல் இங்கே கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

அந்த போன் எப்படி இருக்கும்?

இது ஒரு மாதிரி உரையாடல். இதே வார்த்தைகளில் வர வேண்டும் என்றில்லை. ஆனால் வரிசை பெரும்பாலும் இதுதான்.

“வணக்கம் சார், கிரெடிட் கார்டு டிபார்ட்மென்ட்ல இருந்து பேசுறேன். உங்க கார்டு ரொம்ப நல்லா மெயின்டெய்ன் பண்றீங்க சார். அதனால லிமிட்டை ஒரு லட்சத்துல இருந்து மூணு லட்சமா ஏத்தித் தர்றோம். வருஷச் சந்தாவும் கிடையாது.”

“அப்படியா... நான் ஒண்ணும் கேக்கலையே தம்பி?”

“செலக்டட் கஸ்டமருக்கு மட்டும் சார். இன்னைக்கு சாயங்காலத்தோட ஆஃபர் முடியுது. வெரிஃபிகேஷனுக்காகக் கேக்குறேன், உங்க கார்டு 4-ல தொடங்குது இல்லையா சார்? முதல் ஆறு நம்பர் நானே சொல்றேன், சரியான்னு பாருங்க.”

சொல்வது சரியாக இருக்கும். பெரியவருக்கு நம்பிக்கை வந்துவிடும். மிச்ச எண்களை அவரே வாசித்துவிடுவார். பிறகு தேதி, பின்னால் இருக்கும் மூன்று இலக்க சிவிவி. கடைசியில், “ஒரு மெசேஜ் வந்திருக்கும் பாருங்க சார், அதுல இருக்கிற நம்பர்...”

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். முதல் ஆறு எண்கள் அவருக்கு எப்படித் தெரிந்தன? அது ரகசியமே இல்லை. விசா அட்டைகள் எல்லாமே 4-ல்தான் தொடங்கும். மாஸ்டர்கார்டு பெரும்பாலும் 5-ல் தொடங்கும். முதல் ஆறு இலக்கங்கள் எந்த வங்கி, எந்த வகை அட்டை என்பதைக் காட்டும் பொது அடையாளம். அதே வங்கியின் அதே வகை அட்டையை வைத்திருக்கும் எல்லோருக்கும் அது ஒன்றுதான். கிட்டத்தட்ட நம் ஊர் பின்கோடு மாதிரி. பின்கோடு சரியாகச் சொன்னார் என்பதற்காக யாரும் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிடுவதில்லையே!

உங்கள் பெயர், மொபைல் எண், எந்த வங்கி என்பதெல்லாம் கடையில் நிரப்பிய குலுக்கல் கூப்பனிலிருந்தும், எங்கோ கசிந்த பட்டியலிலிருந்தும் கிடைத்துவிடும். ஆகவே, ‘என்னைப் பத்தி எல்லாம் தெரியுது, அப்போ பேங்க்தான்’ என்ற கணக்கே தப்பு.

கவனிக்க வேண்டியது வேறு. யார் யாரை அழைத்தார்கள்? நீங்களாக, கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு அழைத்திருந்தால் எதிரில் இருப்பது வங்கி. உங்களுக்கு வந்த அழைப்பு என்றால் எதிரில் யார் இருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. குரல் எவ்வளவு மரியாதையாக இருந்தாலும் சரி. “சரிப்பா, நானே பேங்குக்குப் போன் பண்ணிக் கேட்டுக்கிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். உண்மையான ஊழியருக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. மோசடிக்காரர்தான் அவசரப்படுத்துவார், பயமுறுத்துவார், சில சமயம் திட்டவும் செய்வார்.

வங்கிகள் வாடிக்கையாளர்களைச் சேவை தொடர்பாக அழைக்க 1600 என்று தொடங்கும் எண்களையும், விளம்பரத்துக்கு 140 என்று தொடங்கும் எண்களையும் பயன்படுத்த வேண்டும் என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி சொன்னது. சாதாரண 10 இலக்க மொபைல் எண்ணிலிருந்து ‘பேங்க் மேனேஜர்’ பேசினால் அதுவே முதல் சந்தேகம். அதேபோல, வங்கிகளின் வலைத்தள முகவரிகள் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும்படி மாற்றப்பட்டிருக்கின்றன. மெசேஜில் வரும் லிங்க்கில் வங்கியின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, முகவரி எப்படி முடிகிறது என்று பார்ப்பது மேல். லிங்க்கைத் தொடாமலே இருப்பது அதைவிட மேல்.

பேசாமலும் ஏமாற்றுவார்கள்

போனில் சிக்காதவர்களுக்கு மெசேஜ். ‘உங்கள் ரிவார்டு பாயின்ட் இன்று இரவுடன் காலாவதி ஆகிறது’ என்று ஒரு லிங்க் வரும். அல்லது வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே என்று முடியும் ஒரு ஃபைல் வரும். வங்கி ஆப் என்பார்கள், டிராஃபிக் அபராதச் சலான் என்பார்கள், கல்யாணப் பத்திரிகை என்றுகூடச் சொல்வார்கள். அதைத் தட்டி, கேட்கும் அனுமதியை எல்லாம் கொடுத்துவிட்டால், உங்களுக்கு வரும் எஸ்.எம்.எஸ்ஸை அது படிக்கும். ஓடிபி-யை நீங்கள் யாரிடமும் சொல்லவே வேண்டாம், அதுவே எடுத்துக்கொள்ளும். வங்கி ஆப்பை பிளே ஸ்டோரிலிருந்தோ ஆப் ஸ்டோரிலிருந்தோ மட்டும்தான் இறக்க வேண்டும்.

‘உங்க பிரச்னையை நானே சரிபண்றேன்’ என்று எனி டெஸ்க், டீம் வியூவர் போன்ற ஆப்களைப் போடச் சொல்வது இன்னொரு வகை. இவை கெட்ட ஆப்கள் அல்ல. கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவர்கள் தூரத்திலிருந்து வேலை செய்யப் பயன்படுத்துபவை. ஆனால் உங்கள் திரை முழுக்க எதிராளிக்குத் தெரியும்.

நெய்வேலிக்காரர்கள் சிரித்துக்கொள்ள ஒரு விஷயம். ‘கரன்ட் பில் கட்டவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு மின்இணைப்பு துண்டிக்கப்படும்’ என்ற பிரபலமான மோசடி எஸ்.எம்.எஸ் குவார்ட்டர்ஸ்வாசிகளின் போனுக்கும் வரத்தான் செய்யும். என்.எல்.சி-யே மின்சாரம் தரும் வீட்டில், எந்த மின்வாரியம் வந்து ஃபியூஸைப் பிடுங்கப் போகிறது? எண்ணைப் பார்த்து அனுப்புகிறார்கள், ஆளைப் பார்த்து அல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஆனால் ஓய்வுபெற்று நகரியத்துக்கு வெளியே வீடு கட்டிக் குடியேறியவருக்கு இதே மெசேஜ் போனால் கதை வேறு. அவர் முதல்முறையாக மின்வாரியத்துக்கு பில் கட்ட ஆரம்பித்திருப்பார். பதறிப்போவார்.

கூகுளில் கஸ்டமர் கேர் எண்ணைத் தேடுவதும் ஆபத்துதான். தேடலில் மேலே தெரியும் எண் மோசடிக்காரர் போட்டுவைத்ததாக இருக்கலாம். இங்கே அழைப்பது நீங்கள்தான், ஆனால் எண் அவருடையது! அதனால்தான் கார்டின் பின்பக்க எண் என்று திரும்பத் திரும்பச் சொல்வது. அதை இப்போதே போனில் பதிவு செய்துவையுங்கள். கார்டு தொலைந்துபோனால் பின்பக்கத்தை எங்கே போய்ப் பார்ப்பீர்கள்?

‘ஓடிபி-யே வரலையே, எப்படிப் பணம் போச்சு?’

நியாயமான கேள்வி. இந்தியக் கடைகளில் ஆன்லைனில் வாங்கினால் பொதுவாக ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பு கேட்கும். வெளிநாட்டு வலைத்தளங்கள் பலவற்றில் அது கிடையாது. கார்டு எண், தேதி, சிவிவி மூன்றும் இருந்தால் போதும். அதனால்தான் ஹோட்டலிலோ பெட்ரோல் பங்கிலோ கார்டை எடுத்துக்கொண்டு உள்ளே போகவிடக் கூடாது. போனில் கேமரா இல்லாத ஆள் யார்?

இதற்கு வைத்தியம் உங்கள் கையிலேயே இருக்கிறது. 2020-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, ஒவ்வொரு கார்டிலும் ஆன்லைன் பயன்பாடு, வெளிநாட்டுப் பயன்பாடு, தட்டினாலே பணம் போகும் ‘டேப்’ வசதி மூன்றையும் தனித்தனியே ஆன், ஆஃப் செய்துகொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் உச்சவரம்பும் வைக்கலாம். வங்கி ஆப்பில் கார்டு பகுதிக்குள் போனால் இருக்கும். வெளிநாட்டுக்குப் போகாதவருக்கு வெளிநாட்டுப் பயன்பாடு எதற்கு ஆனில் இருக்க வேண்டும்? 2021 ஜனவரி 1 முதல் ‘டேப்’ முறையில் ரூ.5,000 வரை பின் எண் இல்லாமலே எடுக்கலாம். மெயின் பஜாரில் பர்ஸ் தொலைந்தால், எடுத்தவர் எத்தனை கடையில் தட்டுவார் என்று யோசித்துப் பாருங்கள். வேண்டாம் என்றால் ஆஃப் செய்துவிடுங்கள். வேண்டும்போது ஆன் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது.

என்னைக் கேட்டால், ‘ஓடிபி சொல்லாதீர்கள்’ என்று ஆயிரம் முறை சொல்வதைவிட, இந்த இரண்டு ஸ்விட்ச்சுகளை அப்பா அம்மாவின் போனில் ஆஃப் செய்து வைப்பது உருப்படியான வேலை. பொங்கலுக்கு ஊருக்கு வரும் பிள்ளைகள் இதைச் செய்யலாம்.

பணம் போய்விட்டால்... கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது

முதல் வேலை, கார்டை பிளாக் செய்வது. ஆப்பிலோ, பின்பக்க எண்ணிலோ. பிளாக் ஆனதற்கு உறுதி எஸ்.எம்.எஸ் வர வேண்டும். அடுத்து 1930. இது நாடு முழுக்க ஒரே எண். எந்த வங்கி, எவ்வளவு தொகை, எத்தனை மணிக்கு, பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்பார்கள். மெசேஜை அழிக்காமல் வைத்திருங்கள். அங்கே பதிவாகும் புகார் சம்பந்தப்பட்ட வங்கிக்கும், பணம் போய்ச் சேர்ந்த வேலட் அல்லது கடைக்கும் உடனே போகும். பணம் இன்னும் அங்கே இருந்தால் நிறுத்திவைப்பார்கள். அடுத்த கணக்குக்குத் தாவியிருந்தால் புகாரும் அதன் பின்னாலேயே போகும். திருடிய கார்டில் பெரும்பாலும் கிஃப்ட் வவுச்சர் வாங்குவார்கள், வேலட்டில் ஏற்றுவார்கள். அது செலவாகும் முன் பிடித்தால்தான் உண்டு. அதனால் நாள் கணக்கு அல்ல, நிமிடக் கணக்கு. சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற அரசு வலைத்தளத்திலும் புகாரைப் பதியலாம். கடலூர் மாவட்டத்துக்கு என்று தனி சைபர் க்ரைம் காவல் நிலையமும் இருக்கிறது. ஆனால் ‘நாளைக்கு பஸ் பிடிச்சு கடலூர் போய் எழுதிக் கொடுக்கலாம்’ என்று காத்திருக்க வேண்டாம். முதலில் 1930.

இப்போது பலருக்கும் தெரியாத பகுதி. 2017 ஜூலை 6-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, இப்படிப் போன பணத்துக்கு யார் பொறுப்பு என்று பிரித்துச் சொன்னது. தவறு வங்கியுடையது என்றால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டம் வரக் கூடாது. தவறு வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை, நடுவில் எங்கோ கசிந்தது என்றால், வங்கியின் தகவல் உங்களுக்கு வந்ததிலிருந்து 3 வேலை நாட்களுக்குள் சொல்லிவிட வேண்டும். அப்போதும் நஷ்டம் இல்லை. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் சொன்னால், ரூ.5 லட்சம் வரை லிமிட் உள்ள கிரெடிட் கார்டுக்கு அதிகபட்சம் ரூ.10,000, அதற்கு மேல் லிமிட் என்றால் அதிகபட்சம் ரூ.25,000 வரை உங்கள் தலையில் விழும். 7 நாளும் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படிதான். தகவல் வந்த நாளும் விடுமுறை நாட்களும் கணக்கில் சேராது.

நீங்கள் சொன்ன 10 வேலை நாட்களுக்குள் அந்தத் தொகையை வங்கி தற்காலிகமாகத் திருப்பி வரவுவைக்க வேண்டும். 90 நாட்களுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். மோசடி என்று நீங்கள் மறுத்திருக்கும் தொகைக்கு, விசாரணை முடியும்வரை கட்டணம் எதுவும் போடக் கூடாது. ஆகவே, ‘முதல்ல பில்லைக் கட்டுங்க, அப்புறம் பார்க்கலாம்’ என்று யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

சரி, ஓடிபி-யை நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்போது? வங்கிக்குச் சொல்லும்வரை போன பணம் உங்கள் நஷ்டம். சொன்ன பிறகு போவது வங்கியின் நஷ்டம். இந்த இரண்டாவது பாதியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மோசடிக்காரர் ஒரு தடவையோடு நிறுத்துவதில்லை. முதலில் ஒரு தொகை, பிறகு இன்னொன்று என்று லிமிட் தீரும்வரை இழுப்பார். ‘தப்பு நம்ம மேல, யார்கிட்ட சொல்றது?’ என்று வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்கும் அந்த அரை மணி நேரத்தில்தான் மிச்சப் பணமும் போகும்.

அந்த வெட்கம் சாதாரணமானதல்ல. 35 வருஷம் வேலை பார்த்து, வீட்டில் எல்லாக் கணக்கும் தானே பார்த்த மனிதருக்கு, மகனுக்குப் போன் போட்டு ‘ஏமாந்துட்டேன்டா’ என்று சொல்வது லேசில்லை. மகனும் ‘எத்தனை தடவைப்பா சொல்லியிருக்கேன்!’ என்றுதான் ஆரம்பிப்பார். அந்த வசனத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைத்துவிட்டு, முதலில் கார்டை பிளாக் செய்யச் சொல்லலாம்.

வங்கி கைவிரித்துவிட்டால் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். தூத்துக்குடி கிளையில் கணக்கு வைத்திருந்த, வெளிநாட்டில் வேலை பார்த்த ஒருவர் 2007-ல் வங்கி அனுப்பியது போலவே வந்த ஒரு போலி இ-மெயிலை நம்பி விவரங்களைக் கொடுத்து, சில லட்சங்களை இழந்தார். தவறு அவருடையது என்றது ஐ.சி.ஐ.சி.ஐ வங்கி. அவர் விடவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ், மாநில தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரிடம் முறையிட்டார். அப்போது அந்தப் பொறுப்பில் இருந்த பி.டபிள்யூ.சி.டேவிதார், 2010 ஏப்ரலில் அவருக்கு ரூ.12.85 லட்சம் தர வங்கிக்கு உத்தரவிட்டார். போராட்டம் நீண்டது, மேல்முறையீடும் நடந்தது. ஆனால் ‘நீயே கொடுத்தாய், நீயே அனுபவி’ என்பது மட்டுமே சட்டம் அல்ல என்பதை அந்த வழக்கு காட்டியது.

இன்று அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாட்களில் பதில் வராவிட்டால், அல்லது பதில் திருப்தியாக இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். 14448 என்ற இலவச எண்ணில் வழி சொல்வார்கள்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்பவர்களுக்கு ஒரு விஷயம். ஓய்வுபெற்ற பின், பென்ஷன், கேஸ், ஆதார் என்று எல்லாவற்றிலும் முகவரியை மாற்றுவோம். பீரோவில் கிடக்கும் பழைய கிரெடிட் கார்டை மறந்துவிடுவோம். காலாவதி ஆகும்போது புதுப்பித்த கார்டு, இப்போது வேறொரு குடும்பம் இருக்கும் பழைய வட்டத்து வீட்டுக்குப் போய்ச் சேரும். பயன்படுத்துவதாக இருந்தால் வங்கியில் புது முகவரியையும், நீங்கள் இப்போது வைத்திருக்கும் மொபைல் எண்ணையும் பதியுங்கள். வேண்டாம் என்றால் பாக்கியைக் கட்டிவிட்டு, மூடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். கேட்ட 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு ரூ.500 வீதம் உங்களுக்கு வங்கி தர வேண்டும் என்று 2022-ல் ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது.